பிறந்தநாள் சாப்பாடு வேண்டாம் விஜி

அன்புள்ள விஜி,

உன் பேரன் பிறந்தநாள் சாப்பாட்டைப் பற்றி நீ போன மாதமே கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டாதே. வாட்ஸ்அப்பில் "சரிடி, பண்ணிடறேன்" என்று போட்டு முடித்திருக்கலாம். ஆனால் நான் பண்ணப்போவதில்லை, ஏன் என்று சொல்ல இரண்டு வரி போதாது.

இங்கே எல்லோரும் சுகம். இவருடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியைப் பார்த்தாலே முகம் சுருங்குகிறது. கமலி ஒருவழியாகக் கீழ்ப்பாக்கத்து வீட்டை விற்றுவிட்டாள், அவள் சொன்ன விலைக்கே. நம் கமலியா கொக்கா! டைப்பிங் மிஸ்ஸை மயிலாப்பூர்க் குளத்தோரம் பார்த்தேன். "அந்த ஊறுகாய்ப் பொண்ணு எப்படி இருக்கா?" என்றுதான் இன்னமும் கேட்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரனுடைய முதல் பிறந்தநாளுக்குச் சென்னையில் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்தில் பாயசம் வடையோடு மதியச் சாப்பாடு போடணும், இரண்டு போட்டோ எடுத்து அனுப்பணும். இதுதானே? நல்ல மனசுதான், தெரியும். ஆனால் வங்கியை விட்டு வந்த பிறகு நான் ஒரு சின்ன அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதுகிறேன் இல்லையா, அங்கே உட்கார்ந்தபின் இந்தப் பிறந்தநாள் சாப்பாட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஊரில் தெரிந்த இல்லம் எதையாவது கூப்பிட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, ஆகஸ்ட் 15 எல்லாம் எப்போதோ புக் ஆகியிருக்கும். சில ஞாயிறுகளில் பிள்ளைகள் மதியம் ஒரு வீட்டுக் கேசரி, சாயங்காலம் இன்னொரு வீட்டுக் கேக் என்று சாப்பிட்டுவிட்டு, முகம் தெரியாத குழந்தைக்கு "ஹேப்பி பர்த்டே" பாடுகிறார்கள். சில பெரிய பெண்கள் தட்டோடு பின்வரிசைக்குப் போய்விடுவார்கள், போட்டோவில் விழாமல் இருக்க. அந்தப் போட்டோவை நீ குரூப்பில் போடுவாய், உன் மாப்பிள்ளை ஃபேஸ்புக்கில் போடுவார். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது, 74ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை ஜெயில், இல்லாவிட்டால் இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. பேரன் பிறந்தநாளுக்கு அவரை உள்ளே தள்ளிப் பார்க்க ஆசையா உனக்கு?

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. என் கவலை போட்டோவும் கேசரியும் இல்லை.

இந்த ஊருக்குச் சோறு போடத் தெரியாதா? 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடம்தான் ராயபுரம் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று உன் பாட்டி கடைசிவரை சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? 1920லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் மதியச் சோறு போட்டார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022இல் காலைச் சிற்றுண்டி. ஆக, பள்ளி நாளில் சின்னப் பிள்ளைக்கு இரண்டு வேளை கிடைத்துவிடுகிறது. நான் பார்க்கிற குடும்பங்கள் உடைவது சோற்றால் இல்லை. வாடகையாலும் சாயங்காலத்தாலும்.

சாயங்காலம் என்றால் என்ன என்று சொல்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தெரியுமில்லையா. எட்டு மாடிக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. வீடு கிடைத்தது, வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நுங்கம்பாக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற அம்மா விடியற்காலையில் பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடுகிறது. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் காசு இல்லை, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் பள்ளிக்கூடம் நாலரைக்கு விட்டால் அம்மா வருகிற வரைக்கும் அந்தப் பிள்ளை யாரோடு இருக்கும்? படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற பெரிய பையன்களோடுதான்.

போன மாதம் ஒரு அம்மா வந்தாள். இரண்டாவது படிக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு. ஏற்கெனவே பையைக் கட்டியே கொண்டுவந்திருந்தாள். இரண்டு யூனிஃபார்ம், ஒரு போர்வை, பேர் வெட்டின எவர்சில்வர் தட்டு. தட்டில் இருந்தது தாத்தாவின் பேர். "எங்கயாச்சும் ஹோம்ல சேத்துடுங்கம்மா, அங்க கேட்டாவது போட்டிருப்பாங்க" என்றாள். அந்த "கேட்"டைக் கேட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது பூட்டுகிற ஒரு கேட், அவ்வளவுதான். அதற்காகப் பெற்ற பிள்ளையையே கொடுக்க வந்திருக்கிறாள். பையன் என் மேஜையிலிருந்த ஸ்டாப்ளரை எடுத்து வெறும் காகிதத்தில் வரிசையாகப் பின் அடித்துக்கொண்டிருந்தான், ஏதோ ஆபீஸர் மாதிரி.

எங்களுடைய சமூகப் பணியாளர் கெட்டிக்காரப் பெண். இல்லம் என்பது இப்போதெல்லாம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற இடம் இல்லை, பிள்ளையை அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி உத்தரவு வாங்க வேண்டும், சட்டமே இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க பிளாக்ல யாரு வீட்ல இருப்பாங்க?" யாருமே கேட்காத கேள்வி அது. மூன்றாவது மாடியில் ஒரு ஆயா, மகன் வீட்டில் தனியாக இருக்கிறவர். இப்போது அந்த ஆயாவுக்கு அறக்கட்டளை மாதம் ஒரு தொகை கொடுக்கிறது. பையனும் இன்னும் நாலைந்து வாண்டுகளும் எட்டு மணி வரை அங்கே. சுண்டல் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, அதைவிட அதிகமாக டிவி உண்டு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கமலியிடம் போய் வத்தி வைக்காதே. போக்கிடமே இல்லாத பிள்ளைகள் உண்டு, வீடே ஆபத்தான பிள்ளைகள் உண்டு. எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத பெண்களை முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டதில்தானே அவ்வை இல்லம் தொடங்கியது. 1949இல் மஞ்சுபாஷிணி அம்மையார் தி.நகரில் பால மந்திரைத் தொடங்கியபோதும் அப்படிப்பட்ட தேவை இருந்தது. ஆனால் அம்மா உயிரோடு, பிள்ளைமேல் உயிராக இருக்கும்போது, வெறும் பத்தாயிரம் ரூபாய் வாடகை அட்வான்ஸ் இல்லாததால் ஒரு குடும்பம் பிரிவது என்ன நியாயம்? இல்லத்தில் பிள்ளையை வைத்தால் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. அதே பிள்ளையை அம்மாவோடு வைக்கக் கேட்டால், "வாடகைக்கா? அது அவங்க பொறுப்பில்லையா?" என்கிறார்கள். சொன்னவர் யார் என்று கேட்காதே, நம் பள்ளிக்கூட குரூப்பிலேயே இருக்கிறார்.

அரசாங்கம் தருவதில்லையா என்பாய். தருகிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் அம்மா விதவையாகவோ கைவிடப்பட்டவளாகவோ இருந்தால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நல்ல திட்டம். ஆனால் நகரத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 8,000. நாலு வீடு பார்க்கிறவள் அதைத் தாண்டிவிடுவாள். கூடுதலாக ஒரு வீடு பிடித்து உழைத்ததற்கு அபராதம்! மனு எழுதிக் கொடுப்பது, சான்றிதழுக்கு அலைவது, ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவது எல்லாம் எங்கள் செலவுப் புத்தகத்தில் "இதர" என்ற தலைப்பில் வரும். அந்த "இதர"வுக்கு ஒரு நன்கொடையாளர்கூட இதுவரை வாயைத் திறந்து கொடுத்ததில்லை. சமூகப் பணியாளர் சம்பளத்தைச் சொன்னாலே, "நிர்வாகச் செலவு ஜாஸ்தியா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ஆறு மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டதே அந்த நிர்வாகச் செலவுதானே?

ஆகவே விஜி, சாப்பாட்டுக்கு வைத்திருக்கிற பணத்தைப் பன்னிரண்டாக வெட்டு. மாதாமாதம் அனுப்பு, ஆயா மாதிரி இன்னொருவரை வேறொரு பிளாக்கில் பிடிக்கிறோம். ஒன்றைக் கவனி: உன் பெண் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டாள் அல்லவா, அவள் கணக்கிலிருந்து போட்டுவிடாதே. அது வெளிநாட்டு நன்கொடையாகிவிடும், அதற்கான பதிவு எங்களிடம் இல்லை, நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானே, உன் இங்குள்ள கணக்கிலிருந்து அனுப்பு. பான் நம்பரும் வேண்டும், வரிச்சலுகை ரசீது போட. ரொக்கமாக யாரிடமும் கொடுத்தனுப்பாதே, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு வரிச்சலுகை கிடையாது. உன் தம்பி கையில் கொடுத்தால் பணமே கிடையாது, அது வேறு கதை.

போட்டோ வராது. ஆயா வீட்டு மாதக் கணக்கு வரும், என் கையெழுத்தில். சுண்டல் எத்தனை கிலோ என்பதுவரை இருக்கும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆளைப் பேசி முடிக்கணும், அதனால் இந்த வாரமே பதில் போடு. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்காதே, அவர் என்றைக்கு உன்னிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

குட்டிப்பயலுக்கு என் முத்தம்.

உன்
சரசு