கிளாஸ்டன்பரியின் பழைய குறிப்பேடுகள்

அன்புள்ள மகளுக்கு,

வேறு யாரோ அறுபது ஆண்டுகளுக்கு முன் அகழாய்வில் தோண்டிய குழிகளின் குறிப்புகளைக் கிடங்கில் உட்கார்ந்து படியெடுப்பதே உன் வேலையாகிவிட்டது, மண்வெட்டியைத் தொட்டே நாளாகிவிட்டது என்று சென்ற வாரம் தொலைபேசியில் நீ சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. போன ஜூனில் என்னை நீ அழைத்துச் சென்ற கிளாஸ்டன்பரி மடாலயத்தைப் பற்றி, ஊர் திரும்பிய பின் படித்தறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

1086-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலேயே அதிகச் செல்வமுள்ள மடமாக இருந்த பெனடிக்ட் சபை மடம் அது. இன்று தேவாலயத்தின் உடைந்த சுவர்கள் புல்வெளி நடுவே நிற்க, மடாதிபதியின் சமையற்கூடம் மட்டும் கூரையோடு முழுதாக இருக்கிறது. கீழே சதுரமாக எழுந்து மேலே எண்கோணமாகக் குவியும் அந்தக் கட்டடத்தில், மூலைக்கு ஒன்றாக இருந்த நான்கு அடுப்புகளையும் நான் சுற்றிச் சுற்றிப் பார்த்ததும், நேரமாகிவிட்டது என்று நீ வாசலில் நின்று அழைத்ததும் நினைவிருக்கும். 1539 நவம்பர் 15 அன்று மடங்களை மூடிவந்த மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் கடைசி மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங்கை, துறவியர் இருவரோடு அருகிலுள்ள டோர் குன்றின் மேல் தூக்கிலிட்டார்கள். முதியவர் ஒருவருக்கு இழைத்த அந்தக் கொடுமையை இப்போது படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. அதன் பிறகு கூரை ஈயமும் சுவர்க் கல்லும் பெயர்க்கப்பட்டன.

அந்த மண்ணில் எதையாவது தேடித் தோண்டும் வழக்கம் துறவியர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1184-இல் தீ மடத்தை அழித்தது. திருப்பணிக்குப் பொருள் கொடுத்துவந்த மன்னர் இரண்டாம் ஹென்றி 1189-இல் இறந்துபோனார். 1191-இல், பழங்கதைகளில் புகழ்பெற்ற ஆர்தர் மன்னரின் எலும்புகளைத் தோண்டி எடுத்துவிட்டதாகத் துறவியர் அறிவித்தார்கள். யாத்திரிகர் வராமல் மடம் எழாது என்ற நெருக்கடியில் பிறந்த கண்டுபிடிப்பு அது என்பதே என் எண்ணம். 1908-இல் அகழாய்வைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் பிரெடரிக் பிளை பாண்ட், கிழக்குக் கோடியில் எட்கர் சிற்றாலயத்தின் அடித்தளத்தைக் கண்டார். இறந்த துறவியரின் ஆவிகளே தமக்கு வழிகாட்டியதாக 1918-இல் அவர் நூல் வெளியிட, சில ஆண்டுகளில் திருச்சபை அவரை அகழாய்விலிருந்து விலக்கிவிட்டது. 1951 முதல் 1964 வரை தோண்டிய தொல்லியலாளர் ராலி ராட்ஃபோர்ட், ஆர்தரின் கல்லறைக் குழியைக் கண்டதாகச் சொன்னார். ஆனால் முழு அறிக்கையை வெளியிடாமலே காலமானார்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட்டா கில்கிறிஸ்டும் அவருடைய குழுவினரும், 1904 முதல் 1979 வரை 36 பருவங்களில் நடந்த அகழாய்வுகளின் குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் பெட்டிகளில் கிடந்த பொருள்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆர்தரின் கல்லறை எனப்பட்டது, 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையிலான பொருள்கள் கலந்து கிடந்த, இடுகாட்டுக் குழி ஒன்றே என்று தெரிந்தது. அதே பெட்டிகளில் இருந்த, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த ஜாடிகளின் ஓடுகளோ, மடம் தோன்றுவதற்கு முன்பே, கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில், அங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டின. ராட்ஃபோர்ட் கண்டெடுத்த கண்ணாடி செய்யும் ஐந்து உலைகளின் மரக்கரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது, ஏறத்தாழ கி.பி. 700 என்று விடை வந்தது. வெசெக்ஸ் என்ற பழைய ஆங்கில அரசின் மன்னர் இனே அங்கே கல் தேவாலயம் எழுப்பியதாகச் சொல்லப்படும் காலமும் அதுவே.

நில அளவைத் துறையில் இருந்தவன் என்பதால் இது என்னை ஆழமாகத் தொட்டது. பழைய புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தேடி வெயிலில் நின்றிருக்கிறேன்; முன்பு அளந்தவர் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்த ஓர் எண்தான், பல சமயம், புதருக்குள் புதைந்திருந்த கல்லைக் காட்டிக்கொடுத்தது. ராட்ஃபோர்டின் முடிவு தவறாக இருந்தும் அவருடைய பதிவுகளும் அந்தக் கரித்துண்டும் பத்திரமாக இருந்ததால்தான் உலைகளின் வயது தெரிந்தது.

நீ படியெடுக்கும் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் மண் அடுக்குகளுக்கு வண்ணப் பென்சிலால் நிறம் தீட்டி, ஓரத்தில் ‘மழை’ என்று எழுதியிருந்ததாகச் சொன்னாயே, அந்தக் குழியின் ஆழத்தையும் அதில் கிடைத்த பொருள்களையும் அடுத்த கடிதத்தில் எழுது. அளவோடு ஒரு படமும் வரைந்து அனுப்பினால், நான் இங்கே பெரிய தாளில் போட்டுப் பார்ப்பேன்.

அன்புடன்,
அப்பா