செத்த மட்டியைச் சோதித்துப் பாருங்கள்: கடலூர் மீன்வளத்துறைக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்ட மீன்வளத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பரங்கிப்பேட்டை முகத்துவாரத்திலும் கிள்ளை, பிச்சாவரம் உப்பங்கழிகளிலும் மட்டியும் சிப்பியும் பொறுக்கிப் பிழைக்கிற குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். கோடையில் சிப்பிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தால், கழிவுத் தண்ணீர் வந்திருக்கும், வெயில் அதிகம் என்ற பேச்சோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்தக் காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இது வீண் பயம் இல்லை. தூத்துக்குடி முத்துச்சிப்பியில் பெர்கின்சஸ் ஓல்சனி என்ற ஒட்டுண்ணி இருப்பதை விஞ்ஞானிகள் 2010-லேயே பதிவு செய்துவிட்டார்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இருக்கிற கிருமி அது. அப்புறம், நம் கழிமுகங்களில் கல்லிலும் பாலத் தூணிலும் ஒட்டி வளர்கிற அதே சிப்பி இனத்திலும், இந்த வகையைச் சேர்ந்த இன்னொரு கிருமியை இந்தியக் கரையில் கண்டார்கள்.

அது உள்ளே போகிற வழி எளிது. சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து, செவுளில் வடிகட்டி இரை தின்கிறது. அந்த இரையோடு கிருமியும் வந்துவிடுகிறது. சிப்பியின் ரத்த அணுக்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. வினையே அங்கேதான். விழுங்கிய அணுவுக்குள் சாகாமல் அது பிரிந்து பிரிந்து பெருகுகிறது. அணு வெடித்து வெளியே வருகிறவற்றை அடுத்த அணுக்கள் விழுங்குகின்றன. ரத்த அணு போகும் இடமெல்லாம் கிருமியும் போகிறது. சிப்பி உடனே சாவதில்லை. வளர்ச்சி நிற்கும், சதை வற்றும், கடைசியில் ஓட்டை இறுக்கி மூடும் தசை தளரும். பால் நிறத்தில் கொழுகொழுவென்று இருக்க வேண்டிய சதை, திறந்து பார்த்தால் நீர்த்துப்போய்ச் சுருங்கிக் கிடக்கும். தட்டினாலும் ஓடு மூடாது. செத்தது அழுகும்போது கிருமிகள் தண்ணீரில் கலக்க, பக்கத்துச் சிப்பி அதை வடிகட்டுகிறது. நடுவில் வேறு உயிர் எதுவும் தேவையில்லை.

எல்லா ஒட்டுண்ணியும் இப்படி இல்லை. சில புழுக்கள் மீன் வழியாகச் சுற்றி வந்து சிப்பியின் இனப்பெருக்க உறுப்பைத் தின்று மலடாக்கும். சிப்பிக்குள் பட்டாணி அளவில் ஒரு மெல்லிய நண்டு குடியிருக்கும். மட்டி உடைக்கிற பெண்களுக்கு அது பழகிய விஷயம். இவற்றால் கூண்டோடு சாவு வருவதில்லை. பெர்கின்சஸால் வரும்.

அதற்கு வெதுவெதுப்பும் உப்பும் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் கழிமுகத்து உப்பைக் குறைக்கும்போது அடங்கியிருக்கும். கத்திரி வெயிலில், ஆற்றில் நன்னீர் வரத்து இல்லாதபோது, தலைதூக்க வாய்ப்பு அதிகம். மாதிரி எடுக்க ஏற்ற காலமும் அதுதான்.

சோதனையும் பெரிய செலவு இல்லை. 1952-ல் ரே என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன முறை இன்றும் நடப்பில் இருக்கிறது: சதைத் துணுக்கை ஊட்டக் கரைசலில் சில நாள் இருட்டில் வைத்து, அயோடின் சொட்டுவிட்டால், கிருமி கருநீல உருண்டைகளாக நுண்ணோக்கியில் தெரியும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. இங்கே முடியாது என்றால் வேறு எங்கே முடியும்?

திறந்த தண்ணீரில் மருந்து ஊற்ற முடியாது. தடுப்பூசி பலிக்க சிப்பிக்கு எதிர்ப்புப் புரதங்கள் கிடையாது. ஆகவே வளர்ப்புக்காக வேறு கழிமுகத்திலிருந்து குஞ்சு கொண்டுவரும் திட்டம் எதுவானாலும், சோதிக்காமல் ஒரு கூடைகூட இறக்க விடாதீர்கள். அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் 1957-ல் சிப்பிகளைக் கொன்று குவித்த வேறொரு ஒட்டுண்ணி, ஜப்பானியச் சிப்பியில் இருப்பதுதான் என்று பின்னாளில் மரபணுச் சோதனை காட்டியது. பழகிய இனத்தில் பெரிய சேதம் செய்யாதது, பழகாத இனத்தில் பேரழிவு செய்தது.

செத்த சிப்பியையும் உடைத்த கழிவையும் திரும்ப ஆற்றில் கொட்டாமல், கரையில் புதைக்கவோ சுண்ணாம்புக்கு அனுப்பவோ ஏற்பாடு செய்யுங்கள். பெர்கின்சஸ் மனிதருக்கு நோய் தராது என்பதையும் சேர்த்தே அறிவியுங்கள். இல்லாவிட்டால் வதந்தி கிளம்பி, விற்கிற பெண்களின் வயிற்றில்தான் அடி விழும்.

வரும் சித்திரையில் ஆட்களை அனுப்புங்கள். எந்தத் திட்டில் மட்டி சாகிறது என்று காட்ட, அங்கே இறங்கிப் பொறுக்குகிறவர்களே கூட வருவார்கள்.

இப்படிக்கு,
பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர்