குல்மார்க்கை விட்டுவிடாதே, சாந்தி

பினாங்கு
5.2.2024

அன்புள்ள சாந்தி,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தைப்பூசத்துக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு கடைசியில் பத்துமலையோடு நின்றுகொண்டாய். இங்கே தண்ணீர்மலைக் கோயிலில் பெரியம்மா "தெர்மோஸ்காரி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீயே போன் போட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த டிசம்பருக்குக் காஷ்மீர் வேண்டாம், நம் டூர் குரூப்பை ஜப்பானில் இருக்கிற ஹொக்கைடோவுக்கு மாற்றிவிடலாம் என்று நீ வாட்சப்பில் போட்டதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அதிலேயே பதில் போட்டால் நாம் இரண்டு பேரும் சண்டைதான் போடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

போன மாதம் நான் காஷ்மீருக்குக் கூட்டிப்போன குரூப்பில் இருந்த டீச்சரம்மா உன்னிடம் ஒரு மாதிரி சொல்லியிருப்பார், அந்த பட்டர்வொர்த் தம்பதி வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். டெல்லியில் மூடுபனி, விமானம் கிளம்பவே இல்லை, ஏர்போர்ட்டிலேயே பாதி நாள் போய்விட்டது. அங்கே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினோம். ஸ்ரீநகரில் இறங்கினால் பளீரென்று வெயில்! ராத்திரியில் மட்டும் பைப் தண்ணீர் உறைகிற குளிர், பகலில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டிசம்பர் 21 தொடங்கி 40 நாளை அங்கே 'சில்லை கலான்' என்கிறார்கள். வருஷத்திலேயே கொடுமையான குளிர் அப்போதுதான், அந்த நாளில் விழுகிற பனிதான் மலையில் கெட்டிப்பட்டு நிற்கும், கோடை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஆற்றுக்கு வரும். நாங்கள் போனது சரியாக அதற்கு நடுவில். ஒரு சொட்டு மழையும் இல்லை, ஒரு பொட்டுப் பனியும் இல்லை.

பனி பார்க்கப் போகிற குல்மார்க் மலைக்கு ஏறுவதற்கு முன்னால் தங்மார்க்கில் வண்டி நிற்குமே, பூட்ஸும் கோட்டும் வாடகைக்கு எடுப்போமே, அந்தக் கடைகளை நீ பார்த்திருக்க வேண்டும். முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ், ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கட்டி, சைஸ் வாரியாக அடுக்கியபடியே இருந்தது. ஒன்றின் அடியிலும் ஈரம் இல்லை. நாங்கள் இறங்கியதும் கடைக்காரர் எழுந்து வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். மேலே போனால் 2,650 மீட்டர் உயரத்தில் அந்தப் பெரிய புல்வெளி முழுக்கக் காய்ந்த பழுப்பு நிறம், குதிரைகள் நடந்தால் புழுதி பறக்கிறது. கொண்டோலா என்கிற கேபிள் காரில் இரண்டு கட்டமும் ஏறி அப்பர்வத் மலைப் பக்கம் போனவர்களுக்கு மட்டும் பாறை நிழலில் அங்கங்கே கொஞ்சம் பழைய பனி கிடைத்தது. அது 3,900 மீட்டருக்கு மேலே, டீச்சரம்மாவுக்கு மூச்சு வாங்கும் என்று அவரைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டோம். பாவம், அவருக்கு இதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷத்து ஆசை, உனக்கே தெரியும்.

பட்டர்வொர்த்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்கட்டும், உழைத்துச் சேர்த்த பணம், வலி இருக்கும். ஆனால் நம் கைடை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து "நீ ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கத்தினார்கள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தம்பி என்ன செய்வான், மழைமேகம் அவன் கையிலா இருக்கிறது? அங்கே குளிர்காலத்து மழையையும் பனியையும் கொண்டு வருவது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிழக்கே நகர்ந்து வருகிற காற்றழுத்தத் தாழ்வுகள். இந்தத் தடவை அவை காஷ்மீர் பக்கம் ஒழுங்காக எட்டிப் பார்க்கவில்லை. பசிபிக் கடல் சூடேறி வானிலையையே மாற்றுகிற எல் நினோ வருஷம் வேறு. நம் ஊரிலேயே வெயில் எப்படிக் கொளுத்துகிறது என்று பார்க்கிறாய்தானே.

அன்று மத்தியானம், பனியில் ஆட்களை உட்கார வைத்து ஸ்லெட்ஜ் இழுக்கிறவர்களோடு உட்கார்ந்தேன். ஒரு இருபது முப்பது பேர் சும்மா வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள், மரப்பலகை வண்டிகளைக் குப்புறக் கவிழ்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அடியில் இருக்கிற இரும்புப் பட்டை பனியில் ஓடி ஓடிப் பளபளவென்று இருக்கும் இல்லையா, இப்போது துருப்பிடித்துச் சிவப்பாக இருந்தது. ஒரு பெரியவர் பெரன் என்கிற நீள அங்கிக்குள்ளே காங்கிரியை, அதாவது கரி நெருப்புச் சட்டியை, அணைத்துக்கொண்டு பேசினார், கைடு எனக்கு இந்தியில் சொன்னான். பனி வராவிட்டாலும் ராத்திரிக் குளிர் வந்துவிட்டது, காங்கிரிக்குக் கரி வாங்கித்தான் ஆக வேண்டும், பிள்ளைகளுக்குக் கம்பளி வாங்கித்தான் ஆக வேண்டும், செலவு அப்படியே இருக்கிறது, கூலி மட்டும்தான் இல்லை என்றார். டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவருக்கு வருஷத்தில் பெரும்பகுதி ஓட வேண்டும். ஆறுகளில் தண்ணீர் குறைந்ததால், அந்தத் தண்ணீரில் எடுக்கிற கரண்டும் போய்ப் போய் வருகிறது. அதில் ஹோட்டல்காரர் ஜெனரேட்டருக்கு டீசல் போட்டுக்கொண்டு, பாதி ரூம் காலியாக, வருகிறவர்களிடம் சிரித்த முகத்தோடு கஹ்வா டீ கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இது டூரிஸ்டுகளோடு முடிகிற கதையும் இல்லை. கீழே பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டக்காரர்களும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள். பாலிக் பூலாவில் அண்ணன் என்ன சொல்வார், டுரியான் பூப்பதற்கு முன்னால் சில வாரம் காய வேண்டும், அந்த நேரம் மழை பெய்துகொண்டே இருந்தால் பூ நிற்காது என்று புலம்புவாரே. ஆப்பிளுக்கு இதற்கு நேர்மாறு. மரம் நூற்றுக்கணக்கான மணி நேரம், சில ரகம் ஆயிரம் மணி நேரம்கூட, குளிரில் தூங்க வேண்டும். மண்ணிலும் பனி கிடந்து ஈரம் இறங்க வேண்டும். பகல் வெயிலைப் பார்த்து வசந்தம் வந்துவிட்டது என்று மரம் சீக்கிரமே மொட்டு விட்டால், அப்புறம் வருகிற உறைபனியில் எல்லாம் கருகிப் போகும். இந்தியாவின் ஆப்பிளில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஸ்லெட்ஜ் பெரியவரும் கோடையில் தோட்டக் கூலிக்குப் போகிறவர்தான். பனி இல்லையென்றால் அவருக்கு இரண்டு பக்கமும் அடி.

செயற்கைப் பனி அடிக்கிற மெஷின் வைக்கலாமே என்று உன் மகன் கேட்டானாம். அதற்குக் காற்று உறைநிலை அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும். இந்த வருஷம் அங்கே எதெது இல்லையோ அதைத்தான் அது கேட்கிறது.

இப்போது என்ன நடந்தது தெரியுமா, ஜனவரி கடைசியில், சில்லை கலான் முடிகிற நேரத்தில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கைடு வீடியோ மேல் வீடியோவாக அனுப்புகிறான். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. நம் குரூப்பிலோ "ரெண்டு வாரம் தள்ளிப் போயிருக்கலாமே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். தாமதமாக விழுகிற பனிக்கு ஆயுசு குறைவு என்று அவன் சொல்கிறான். பிப்ரவரி வெயில் ஏற ஏறச் சீக்கிரம் உருகி ஓடிவிடும், மலையில் இறுகி நிற்க நேரம் இருக்காது. இருந்தாலும் ஸ்லெட்ஜ்காரர்களுக்கு நாலு காசு பார்க்கக் கொஞ்ச நாளாவது கிடைத்திருக்கிறது.

சாந்தி, 2020 மார்ச் 18ஐ மறந்துவிட்டாயா? கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது, நம் கையில் இருந்த அத்தனை புக்கிங்கும் ஒரே வாரத்தில் போனது. நீ கிராப் டாக்சி ஓட்டினாய், நான் வாசலில் மேசை போட்டு வடையும் புட்டும் விற்றேன். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ரோட்டோரக் கடை போட்டிருந்தவர்கள் வீட்டுச் சாமானை விற்றார்கள். அப்போது நம்மிடம் வரவேண்டிய ஆட்கள் ஒவ்வொருவராக "வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது? 2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் முதல் ஆளாகப் பழைய கஸ்டமர் ஒருவர் போன் செய்தாரே, நீ அன்றைக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜில் அழுதாய். இன்றைக்கு குல்மார்க்கும் அதே நிலையில்தான் இருக்கிறது.

நீ ஏஜென்சி நடத்துகிறவள், நஷ்டத்துக்குத் தொழில் செய்ய முடியாது, அது எனக்குப் புரியாமல் இல்லை. டுலிப் சீசனுக்கு, மார்ச் கடைசிக்கு, தேதியை மாற்றலாம் என்று நீ முன்பு சொன்னதும் நல்ல யோசனைதான், தால் ஏரிப் படகு வீட்டுக்காரர்களுக்கு அது உதவும், ஆனால் குல்மார்க்கில் பலகை இழுக்கிறவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போகாது. அதனால் நான் கேட்பது இதுதான்: நோட்டீஸில் 'பனி நிச்சயம்' என்று போடுவதை எடுத்துவிடு. யாராலும் நிச்சயம் சொல்ல முடியாததை நாம் காசுக்கு விற்க வேண்டாம். பனி வந்தால் பனி, வராவிட்டால் ஹரிசா என்கிற இறைச்சிக் கூழும் கஹ்வாவும், பழைய ஸ்ரீநகர் தெருக்களும், ஜீலம் ஆற்றங்கரையும் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். அதைக் கேட்டும் வருகிறவர்கள் போதும், சின்ன குரூப்பாகவே இருக்கட்டும். தேதியை டிசம்பரிலிருந்து பிப்ரவரி நடுவுக்குத் தள்ளிப் பார்ப்போம். அந்தக் கைடும் அதே ஹோட்டலும் மாறக் கூடாது. டீச்சரம்மா இப்போதே பேர் கொடுத்துவிட்டார், அட்வான்ஸ் எவ்வளவு என்று நேற்று கேட்டார்.

ஹொக்கைடோவைத் தனியாகப் போடு, நான் தடுக்கவில்லை. காஷ்மீர் குரூப்பை மட்டும் என் பொறுப்பில் விடு. ஹோட்டல்காரருக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சீனப் பெருநாள் லீவில் நீ ஈப்போ பக்கம் போய்விடுவாய், போன் எடுக்க மாட்டாய், அதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
வள்ளி