ஊருக்கு ஒரு பலகை, எல்லா ஊருக்கும் ஒரே சால்னா

அனுப்புநர்:
வாடிக்கையாளர், விருதுநகர்.
(முகவரியும் கைபேசி எண்ணும் இணைப்புத் தாளில்)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
உணவுக் கூட நிர்வாகம், சென்னை.

நாள்: 24.11.2025

பொருள்: 16.11.2025 அன்று தங்கள் உணவுக் கூடத்தில் சாப்பிட்டது – விளம்பரத்துக்கு மாறான உணவு, பராமரிப்புக் கட்டணம், அட்டையில் நின்றுவிட்ட ரூ.287.50 – தொடர்பாக.

பார்வை: 17.11.2025 அன்று நான் அனுப்பிய மின்னஞ்சலும், அது போய்ச் சேர்ந்த அதே நிமிடத்தில் தங்களிடமிருந்து வந்த பதிலும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பார்வையில் கண்ட பதிலில் ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று இருந்தது. அடுத்த முறை வரும்போது பத்து விழுக்காடு தள்ளுபடி என்று ஒரு கூப்பனும் இருந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, புகார் சொல்லியிருந்தேன். அந்த மின்னஞ்சலை மனிதர் யாரும் படித்ததாகத் தெரியாததால் இந்த முறை தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். விருதுநகரில் பருப்பும் மிளகாய் வற்றலும் கைமாறும் கமிஷன் மண்டி ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பில்லைப் படிக்காமல் சட்டைப் பையில் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வற்றலைப் பற்றியும் கொஞ்சம் தெரியும்.

மகள் வீட்டுக்குச் சென்னை வந்திருந்தபோது, செய்தித்தாளோடு வந்த உங்கள் துண்டுப் பிரசுரத்தைப் பேத்திதான் காட்டினாள். ‘பதினான்கு ஊர், பதினான்கு கை, ஒரே கூரை’ என்று தலைப்பு. கீழே ‘அந்தந்த ஊர்ச் சமையல்காரர்களின் கைப்பக்குவம்’. எல்லாக் கடையிலும் சின்னத் தட்டு உண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் ருசி பார்க்கலாம் என்றும் போட்டிருந்தது. (சின்னத் தட்டு ஞாயிற்றுக்கிழமை கிடையாதாம். அதைக் கடைக்குக் கடை கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.) நான், மனைவி, மகள், பேத்தி என்று நால்வரும் போனோம். வாசலிலேயே கூடத்தின் முன்பண அட்டையில் ரூ.2,000 கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மேசைகள் சுத்தமாக இருந்தன. கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருந்தன. முழங்கால் வலிக்காரியான என் மனைவிக்கு ஒரு பையன் கேட்காமலே முதுகு சாயும் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

சொந்த ஊரிலிருந்தே தொடங்கினேன். ‘விருதுநகர் எண்ணெய் பரோட்டா’ என்ற பலகையைப் பார்த்ததும், ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தும் கால் அங்கேதான் போனது. எங்கள் ஊரில் நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் குளம் மாதிரி நிற்கும். தட்டிய பரோட்டாவை அதில் தள்ளிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பொரிப்பார்கள். ஓரம் முறுக்கைப் போல நொறுங்கும், நடுவில் மட்டும் மெத்தென்று இருக்கும். இலையில் நொறுக்கிப் போட்டு மேலே சால்னாவை ஊற்றினால், ஊறிப்போவதற்குள் தின்றுவிட வேண்டும், அந்த அவசரத்தில்தான் ருசியே இருக்கிறது. உங்கள் கடையில் பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கிழித்து எடுத்த பரோட்டாவை மைக்ரோவேவில் சூடாக்கி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். கிழித்ததை நானே பார்த்தேன். எண்ணெய் தடவினால் எண்ணெய் பரோட்டா ஆகிவிடும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, நம் ஊர்ப் பண்டம் என்பதால் நமக்குத்தான் குறை தெரிகிறது என்று அடுத்த கடைக்குப் போனோம். திண்டுக்கல் பிரியாணியில் பாஸ்மதி அரிசி. திண்டுக்கல்லில் சீரகச் சம்பாவை விட்டுவிட்டுப் பிரியாணிக்குப் பெயர் வைக்க ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். ஆம்பூர் பிரியாணி வாங்கினோம். அதே அரிசி, அதே நிறம், பக்கத்தில் ஒரு கத்தரிக்காய் கூடுதலாக இருந்தது. பள்ளிபாளையம் சிக்கனில் குடைமிளகாய் மிதந்தது. அந்தக் கறிக்குச் சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வற்றல், தேங்காய்ப் பல், மஞ்சள் போதும். மசாலாப் பொடியே சேராது, குழம்பும் நிற்காது. நீங்கள் கொடுத்தது தக்காளி கரைத்த சிவப்புக் குழம்பு. அதில் வற்றலே கிடையாது, வெறும் நிறப்பொடி. இதை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன், 31 ஆண்டு வற்றல் மூட்டைகளுக்கு நடுவில் தும்மியவன் நான்.

பேத்திதான் ஆரம்பித்துவைத்தாள். பரோட்டாவோடு வந்த சால்னாக் கிண்ணம், திண்டுக்கல் கிண்ணம், ஆம்பூர் கிண்ணம் மூன்றையும் வரிசையாக வைத்தாள். பாட்டியைக் கண்ணை மூடச் சொன்னாள். என் மனைவி பக்கத்து வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் கூடியதை எங்கள் வாசலில் இருந்தே சொல்பவள். மூன்றையும் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “எதற்கு ஒன்றையே மூன்று தடவை கொடுக்கிறாய்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் பில்களை எடுத்துப் பார்த்தேன். 2022 ஜனவரி 1 முதல் உணவு விற்பவர் தரும் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. விருதுநகர், திண்டுக்கல், ஆம்பூர், பள்ளிபாளையம், கடைசியாக ஜிகர்தண்டா வாங்கிய மதுரை என்று ஐந்து கடைப் பில்லிலும் ஒரே எண். எழுந்து போய் மற்றக் கடைகளில் மாட்டியிருந்த உரிமங்களையும் எட்டிப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று ஒரே எண். கை கழுவப் போனபோது பின்பக்க நடைவழிக் கதவு திறந்திருந்தது. தள்ளுவண்டியில் நான்கு பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள் வந்தன. மேலே ஒட்டிய தாள்களில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. ‘சிவப்பு’, ‘மஞ்சள்’, ‘வெள்ளை’, ‘குருமா’ என்று எழுதியிருந்தது. வண்டி ஒவ்வொரு கடையின் பின்வாசலிலும் நின்று ஊற்றிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது.

ஒரே நிறுவனம் பதினொரு கடை நடத்துவது குற்றமில்லை. ஒரே சமையற்கட்டில் சமைப்பதும் குற்றமில்லை. எங்கள் சமையற்கட்டு ஒன்றுதான், பதினோரு வகை தருகிறோம் என்று போட்டிருந்தால் நானும் பசிக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பேன். ‘பதினான்கு கை’ என்று சொல்லிவிட்டு ஒரு தள்ளுவண்டியைக் காட்டியதுதான் என் புகார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று சொல்கிறது. உங்கள் சட்ட ஆலோசகர் அதையும் உங்கள் துண்டுப் பிரசுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.

ஜிகர்தண்டாவைப் பற்றி எழுதத் தாள் வீண். நன்னாரியும் இல்லை, பாதாம் பிசினும் இல்லை, ரோஸ் சிரப் இருந்தது. மூன்று டம்ளர், ரூ.360.

ஆனால் அந்தக் கூடத்திலேயே, கழிப்பறைக்குப் போகும் வழியில், யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில் ஓர் அத்தோக் கடை இருக்கிறது. பில்லில் வேறு உரிம எண். பர்மாவிலிருந்து 1960களில் கப்பலேறி வந்த குடும்பமாம், தாத்தா கடற்கரைச் சாலையில் வண்டி போட்டவராம். கடைக்காரத் தம்பி கையில் உறை மாட்டிக்கொண்டு மஞ்சள் நூடுல்ஸை அள்ளிப் போட்டார். மெல்லிசாய்ச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், இடித்த வற்றல், புளித்தண்ணீர், கடலை மாவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரல் நுனியால் பிசைந்துகொண்டே என் முகத்தைப் பார்த்து “காரம் தாங்குவீர்களா ஐயா?” என்றார். மண்டிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் அன்றைக்கு அந்தக் கூடத்தில் என் நாக்கைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வாழைத்தண்டு சூப்பைக் கேட்காமலே மறுபடி ஊற்றினார். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் வைத்துக் கொடுத்ததைப் பேத்தி இரண்டு வாயில் முடித்துவிட்டாள். அத்தோவும் முட்டையும் சேர்த்து ரூ.190. ஒரு கை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள உங்கள் நிர்வாகத்தில் யாராவது அந்த மூலைக்கு நடந்துபோய்ப் பார்க்கலாம்.

இனிக் கணக்கு. ஐந்து கடைகளில் பரோட்டா 180, திண்டுக்கல் 320, ஆம்பூர் 310, பள்ளிபாளையம் 280, ஜிகர்தண்டா 360, ஆக ரூ.1,450, வரி உள்பட. அதன்மேல் ‘கூடப் பராமரிப்பு’ என்று 5 விழுக்காடு, ரூ.72.50 பிடித்திருக்கிறீர்கள். அத்தோக் கடைப் பில்லில் இந்தக் கட்டணம் இல்லை. வரிசையில் நின்றது நாங்கள், தட்டைத் தூக்கிவந்தது நாங்கள், சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய் வைத்ததும் நாங்கள். சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. ‘கூடப் பராமரிப்பு’ என்பது எந்தப் பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் போக அட்டையில் மிச்சம் ரூ.287.50. திருப்பிக் கேட்டதற்கு, பணமாகத் தர முடியாது, அறுபது நாளுக்குள் வந்து சாப்பிட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார் முகப்பில் இருந்த பெண். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். இந்த நிபந்தனை பணம் கட்டும்போது சொல்லப்படவில்லை. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கிறது, ஆனால் என் கண்ணாடியோடு சேர்த்து மகளின் கைபேசி வெளிச்சமும் வேண்டியிருந்தது. ரூ.287.50க்காக விருதுநகரிலிருந்து ரயிலேறி வந்து தள்ளுவண்டியில் வரும் ‘சிவப்பை’ மறுபடி சாப்பிட வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு.

நான் கேட்பது அதிகமில்லை. மிச்சப் பணத்தையும் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து ரூ.360 (எழுத்தால் முந்நூற்று அறுபது ரூபாய்) திருப்பித் தர வேண்டும். கூடத்தில் எந்தெந்தக் கடைகளுக்கு ஒரே சமையற்கட்டு என்பதை வாசலில், படிக்கிற அளவு எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். சாப்பிட்ட உணவுக்குப் பணம் திரும்பக் கேட்கவில்லை, சாப்பிட்டாகிவிட்டது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், கூப்பன் இல்லாத பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னைக்கு ரயிலேறுவதைவிட அந்த அலுவலகம் எனக்குப் பக்கம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ஆறு பில்களின் நகல்கள், அட்டையின் இருபுற நகல் (பின்புறம் பெரிதாக்கியது), துண்டுப் பிரசுரம், தாங்கள் அனுப்பிய பத்து விழுக்காட்டுக் கூப்பன் – அச்செடுத்தது, திருப்பி அனுப்பப்படுகிறது.

பின்குறிப்பு: அத்தோக் கடையைப் பற்றி நான் எழுதியதை வைத்து அந்தத் தம்பியின் வாடகையை ஏற்றிவிட வேண்டாம். முடிந்தால் அவரைக் கழிப்பறை வழியிலிருந்து கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள்.