படிக்கட்டு முன்னால் நிற்கும் சக்கர நாற்காலிகள்

ஆசிரியருக்கு,

திருகோணமலையின் அரச கட்டடங்கள் பலவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்வுப் பாதை இல்லை என்று தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். இது ஏதோ கருணை காட்டும் விடயம் அல்ல, சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. பழைய கட்டடங்களைத் திருத்தவும் அதில் காலக்கெடு இருந்தது. போரில் காலை இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மாவட்டத்தில் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

அண்மையில் என் மாமாவை மூதூரிலிருந்து நகரத்து அலுவலகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். ஓட்டோக்காரத் தம்பியும் காவலாளியும் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கித்தான் படியேற்றினார்கள். மாமா ஒரு கையால் ஆவணக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி, மற்றக் கையால் காவலாளியின் சட்டையை இறுகப் பிடித்திருந்தார். உதவியவர்கள் நல்ல மனிதர்கள், சரி. ஆனால் ஒரு கையெழுத்துக்காக அவர் ஏன் பிறர் கையில் தொங்க வேண்டும்?

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இதை அடுத்த கூட்டத்திலேயே எடுக்கட்டும். சாய்வுப் பாதை கட்டி முடியும்வரை, ஒவ்வோர் அலுவலகத்திலும் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு, அலுவலரே இறங்கி வந்து வேலையை முடித்துக் கொடுக்கலாம்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை