மதிப்பை எழுதிக் கொடுத்தால் காப்பீடு ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஞ்சல்தலை, நாணயம், தஞ்சாவூர் ஓவியம், வெண்கலச் சிலை போன்ற சேகரிப்புப் பொருள்களை இணையம் வழியே வெளிநாட்டாருக்கு விற்பவர்கள் இன்று சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். விலை பேசுவதில் கெட்டிக்காரர்களான இவர்கள், பொருளை அனுப்பும் நாளில் மட்டும் ஏமாந்துபோகிறார்கள். கூரியர் கவுன்டரில் "மதிப்பு எவ்வளவு?" என்று கேட்டதற்கு ஒரு தொகையை எழுதிக் கொடுத்து, அதையே இன்சூரன்ஸ் என்று நம்பிவிடுகிறார்கள். அது இன்சூரன்ஸ் அல்ல. கூடுதல் கட்டணம் கட்டாதவரை, கூரியர் நிறுவனத்தின் பொறுப்புக்கு ஏற்கெனவே உள்ள எல்லைதான் பொருந்தும்.

அந்த எல்லை எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வதேச விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ எடுத்துச்செல்லும் நிறுவனத்தின் பொறுப்பு 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு; ஒன்று ஒரு டாலரைவிடச் சற்று அதிகம். 3 லட்ச ரூபாய் அஞ்சல்தலைகள் உள்ள 400 கிராம் உறை தொலைந்தால் கிடைப்பது 10.4 எஸ்.டி.ஆர்., நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம். கூடுதல் கட்டணம் கட்டி மதிப்பை அறிவித்தால் இந்த எல்லை உயரும் என்பது உண்மை. ஆனால் பல கூரியர் நிறுவனங்கள் கலைப்பொருள், பழம்பொருள், நாணயம், அஞ்சல்தலை ஆகியவற்றுக்குத் தனியே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன; நாணயத்தை ஏற்காத நிறுவனங்களும் உண்டு. 5 லட்சம் என்று எழுதிக் கட்டணமும் கட்டியவருக்குக் கடைசியில் அந்த உச்சவரம்புத் தொகைதான் வரும். ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அனுப்புவதற்கு முன்பே படிப்பது நல்லது.

அஞ்சல் வழியில் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தாது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சலகச் சட்டம், 2023, விதிகளில் வரையறுத்த அளவுக்கு மேல் அஞ்சலகத்துக்குப் பொறுப்பு இல்லை என்கிறது. காப்பீடு செய்யாத கடித உறைக்குள் நாணயம், கரன்சி நோட்டு, தங்கம், வெள்ளி, நகை வைக்கக் கூடாது என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. வெள்ளி நாணயத்தை உறையில் போட்டு அனுப்புகிறவர், அது தொலைந்தால் புகார் கொடுக்கவே தயங்க வேண்டிய நிலையில் இருக்கிறார்.

வாங்க வேண்டியது மரைன் கார்கோ பாலிசி எனும் சரக்குப் பயணக் காப்பீடு. பெயரைப் பார்த்துக் கப்பலுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். விமானச் சரக்குக்கும் இதுதான். ஒரே ஒரு பார்சலுக்குத் தனிப் பாலிசி எடுக்கலாம். அடிக்கடி அனுப்புபவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான ஓப்பன் பாலிசி சிக்கனம். விமானச் சரக்குக்குப் பெரும்பாலும் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் (ஏர்) என்ற நிபந்தனைத் தொகுப்பு பொருந்தும். அதன் தலைப்பிலேயே 'அஞ்சலில் அனுப்புவன நீங்கலாக' என்று இருக்கிறது. கூரியர் என்று சொல்லிப் பாலிசி எடுத்துவிட்டு, கட்டணம் குறைவு என்று கடைசி நேரத்தில் ஸ்பீடு போஸ்டுக்கு மாறினால் பாலிசி வெறும் காகிதம்தான். போர், வேலைநிறுத்தம், கலவரம் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகளைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு பொருள் போய்ச் சேரும்வரை நீளும் என்றாலும், விமானத்திலிருந்து இறக்கிய 30 நாளில் எப்படியும் முடிந்துவிடும். சுங்கத்தில் பொருள் மாட்டிக்கொண்டால் இந்த 30 நாள் மளமளவென்று கரைந்துவிடும்.

பிரீமியம் செலுத்துவதற்கு முன் காப்பீடு தொடங்காது. 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "பார்சல் போய்விட்டது, நாளை கட்டிவிடுகிறேன்" என்பது எடுபடாது. அதே சட்டத்தின்படி, இந்தியாவில் இருக்கும் சொத்துக்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் முன் அனுமதியின்றி வெளிநாட்டு நிறுவனத்திடம் பாலிசி எடுக்கக் கூடாது. மலிவாக இருக்கிறதே என்று வெளிநாட்டு இணையதளங்களில் காப்பீடு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காப்பீட்டுத் தொகையை வழக்கமாகப் பொருள் விலை, அனுப்பும் செலவு, பிரீமியம் மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் 10 சதவீதம் சேர்த்துப் போடுவார்கள். பொருள் 4,00,000, கூரியர் 12,000, பிரீமியம் 3,000 என்றால் கூட்டுத்தொகை 4,15,000. பாலிசி 4,56,500 ரூபாய்க்கு. சேகரிப்புப் பொருளுக்குக் கடை விலை கிடையாது என்பதால், மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசியிலேயே எழுதும் 'வேல்யூட்' வகையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு ஆதாரமாக நிபுணர் சான்றிதழ், அண்மை ஏல முடிவுகள், இரு பக்கமும் எடுத்த தெளிவான படங்கள் கொடுக்க வேண்டும்.

தொகுதியாக விற்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த காந்தி அஞ்சல்தலைகள் நான்கு: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். தொகுதியின் மதிப்பில் பெரும்பகுதி 10 ரூபாய்த் தலையில்தான் இருக்கிறது. 'தொகுதி 1' என்று ஒரே வரியில் காப்பீடு செய்து, அந்தத் தலை மட்டும் கிழிந்து போய்ச் சேர்ந்தால், நான்கில் ஒரு பங்குதானே சேதம் என்று வாதிட இடம் கிடைத்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: சிறிய தலை ஒன்று தொலைந்து தொகுதியே குலைந்தாலும், ஜோடி, தொகுதி பற்றிய நிபந்தனை இருந்தால் தொலைந்த தலைக்கு உரிய பங்குதான் வரும். ஆகவே இன்வாய்ஸிலும் பாலிசியிலும் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனி மதிப்பு எழுதுங்கள். பழுதைச் சரிசெய்த பிறகும் குறைந்தே இருக்கும் சந்தை மதிப்புக்கு ஈடு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, எந்தக் காப்பீடும் காப்பாற்றாத பொருள்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டே போதும். ஓலைச்சுவடி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். தும்பிக்கை பன்றி மூக்குப் போலத் தெரிகிறது என்று திரும்பப் பெறப்பட்ட 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் எவ்வளவு கொடுத்துக் கேட்டாலும் அனுப்ப வழியில்லை. ரவி வர்மா போன்ற சில ஓவியர்களின் படைப்புகளுக்கு வயதுக் கணக்கும் தேவையில்லை. கலைக் கருவூலம் என்று அறிவித்து ஏற்றுமதியைத் தடுத்திருக்கிறார்கள். தந்தம் பதித்த பழைய வீணை வேறொரு சட்டத்தில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மாட்டும்.

1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, காப்பீடு செய்யும் பயணம் சட்டபூர்வமானது என்ற உறுதிமொழி ஒவ்வொரு பாலிசியிலும் எழுதாமலே அடங்கியிருக்கிறது. தொல்பொருளை 'கைவினைப் பொருள்' என்று எழுதி அனுப்பினால், வழியில் திருடுபோனாலும் கிளைம் நிற்காது. சுவாமிமலையில் சென்ற ஆண்டு வார்த்த சிலைக்கும் சிக்கல் வரலாம். பழையதுபோல் தோன்ற மெருகேற்றிய புதுச் சிலையைச் சுங்கத்தில் நிறுத்திவைப்பார்கள். அதற்குத்தான் இந்தியத் தொல்லியல் துறை தரும் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ். சென்னையில் அத்துறையின் அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்தபின் விலை பேசி முடிப்பதே முறை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடுத்த தவறு, வாங்குபவர் கேட்கிறார் என்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதுவது. 800 டாலர் வரையான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டதால், "கிஃப்ட், 40 டாலர் என்று போடுங்கள்" என்று கேட்பதற்கு அங்குள்ளவர்களுக்குக் காரணம் கூடியிருக்கிறது. சுங்கத்துக்கு 40 டாலர், இன்சூரன்ஸுக்கு 4,000 டாலர் என்று இரண்டு தாள் வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் இடி. கிளைமுக்குக் கேட்கும் முதல் ஆவணமே சுங்கத்துக்குக் கொடுத்த இன்வாய்ஸ்தான். பொய்யான அறிவிப்புக்கு நம் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவில் பொருள் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

பொருள் சட்டப்படி சரி, மதிப்பும் உண்மை என்றான பிறகும் கிளைமைக் கவிழ்ப்பது பேக்கிங். போதாத, பொருந்தாத பேக்கிங்கால் வரும் சேதமும், பொருளின் இயல்பாலேயே வரும் கெடுதலும் பாலிசியில் விலக்கப்பட்டவை. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது உடைந்த பொருளை அல்ல, பெட்டியை.

தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்ணாடியோடு அனுப்பவே கூடாது. உடைந்த சில்லு, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து எழுப்பிய புடைப்பையும் தங்கத் தாளையும் கீறிவிடும். கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் தகடு பொருத்துங்கள். கல்லும் புடைப்பும் தகட்டில் படாதபடி இடைவெளி வேண்டும். அமிலமற்ற மெல்லிய தாள் முதலில், அதன்மேல் குமிழ்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி பபிள் ஷீட், நான்கு மூலைக்கும் காப்பு, எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஃபோம். பிறகு உள்பெட்டி, வெளிப்பெட்டி. வறண்ட குளிர்நாட்டில் பலகை சுருங்கிப் புடைப்பு விண்டால் 'பொருளின் இயல்பு' என்று தள்ளிவிடுவார்கள். அனுப்பும் முன்பே வெடிப்பு இல்லை என்பதைச் சாய்வெளிச்சத்தில் படமெடுத்து வைப்பது ஒன்றே இதற்குத் துணை.

சிலைக்குத் தெர்மகோல் உதவாது. எடை தாங்காமல் நொறுங்கி, பெட்டிக்குள் சிலை உருளத் தொடங்கிவிடும். அடர்த்தியான பாலிஎத்திலீன் ஃபோமைச் சிலையின் வடிவத்துக்குக் குடைந்து, எடை பீடத்தில் இறங்கும்படி வைக்க வேண்டும். நீட்டிய கைகள் எதையும் தொடக் கூடாது. திருவாசி கழன்றால் தனியாகச் சுற்றுங்கள். மரப்பெட்டி அடித்தால், மரத்தின் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதியான ஐ.எஸ்.பி.எம். 15 குறுக்கே வரும்: மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அல்லது அவ்விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும்; அதற்கான முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். ப்ளைவுட்டுக்கு இந்த விதி இல்லை, ஆனால் அதில் அடிக்கும் மரச்சட்டத்துக்கு உண்டு. முத்திரையில்லாத பெட்டியை அந்த நாட்டில் நிறுத்திவைத்தால் அந்தத் தாமதத்தின் நஷ்டத்தை வழக்கமான பாலிசி ஏற்காது.

நாணயத்துக்கு மென்மையான பி.வி.சி. உறை வேண்டாம், சூட்டில் பச்சைப் பிசுக்கு படியும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, அசையாதபடி அட்டையில் பொருத்துங்கள். அஞ்சல்தலையை மவுன்ட் எனும் ஒளிபுகும் உறையில் வைத்து இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே, ஒட்டுநாடா தலையருகே வராமல் அனுப்ப வேண்டும்.

பெட்டி கிழியாமல் உள்ளிருப்பது மட்டும் காணாமற்போவதும் உண்டு. இதில் வெல்வது கடினம். உள்ளே வைத்து மூடும்வரை வெட்டில்லாத ஒரே வீடியோ, ஒட்டிய நாடாவின் மீது குறுக்கே கையொப்பம், விமானச் சரக்கு ரசீதான ஏர்வே பில்லில் கிராம்வரை துல்லியமான எடை ஆகிய மூன்றும் இருந்தால் வாதாட இடமிருக்கும். எடையை 'அரை கிலோ' என்று உருட்டி எழுத விடாதீர்கள்.

வாங்குபவரோடு பேசும்போதே, சேதம் நேர்ந்தால் அவர் செய்ய வேண்டியதையும் எழுதி அனுப்பிவிடுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் டெலிவரி ரசீதில் அதைக் குறிக்காமல் கையெழுத்திடக் கூடாது. திறப்பதை வீடியோ எடுக்க வேண்டும். பேக்கிங் பொருள்களை எறியக் கூடாது. பாலிசியில் குறித்துள்ள அந்நாட்டு சர்வே ஏஜென்ட்டுக்கு உடனே தகவல் போக வேண்டும். விமான நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் தரச் சேதத்துக்கு 14 நாள், தாமதத்துக்கு 21 நாள், வழக்குக்கு 2 ஆண்டு. இந்தப் புகாரைக் கொடுக்காமல் விட்டால், கூரியரிடமிருந்து தொகையை மீட்கும் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று இன்சூரன்ஸ் நிறுவனமும் கையை விரிக்கலாம். செலவும் காப்பீடும் யார் பொறுப்பு என்பதை வரையறுக்கும் பன்னாட்டு வணிகச் சொற்றொகுப்பு இன்கோடெர்ம்ஸ். இன்வாய்ஸில் 'சி.ஐ.பி., இன்கோடெர்ம்ஸ் 2020' என்று எழுதினால், விற்பவர் கார்கோ கிளாசஸில் அகலமான ஏ பிரிவுக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெளிவு. பழக்கத்தில், கப்பல் சரக்குக்கான சொல்லான 'சி.ஐ.எஃப்.' என்று போட்டுவிட்டால் மிகக் குறுகிய சி பிரிவே போதும். அதில் திருட்டு சேராது.

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அஞ்சல் துறைக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள்: விலக்குப் பட்டியலையும், சேகரிப்புப் பொருள்களுக்கான உச்சவரம்பையும், புகார் கால வரம்பையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, பார்சல் பதியும் கவுன்டரில் பணம் வாங்கும் முன் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதிக் காப்பீட்டுத் துறையில் உள்ள வாசகர்,
கும்பகோணம்