நூறில் ஒரு கையெழுத்து

அன்பு மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மருமகளும் பாப்பாவும் நலமா?

செவ்வாய்க்கிழமை உன் கூட்டாளிப் பையன் ஒருவன் பைக்கில் வந்து ஒரு முத்திரைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். உங்கள் புதுக் கட்சியைப் பதிவு செய்ய நூறு உறுப்பினர்களின் பத்திரம் வேண்டுமாம், அதில் ஒன்றாக நான் கையெழுத்துப் போட்டு, கோவில்பட்டியில் நோட்டரி சீல் வாங்கி வைக்க வேண்டுமாம். "அண்ணன் சொல்லலையா?" என்று கேட்டான். சொன்னான், சொன்னான் என்று சமாளித்தேன். கட்சி ஆரம்பிக்கிறவன் அப்பாவுக்கு ஒரு போன் போடக்கூடாதா? ஒன்றரை மாதமாக அம்மாவிடம் மட்டும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். சரி, போகட்டும்.

கூடவே கொடுத்த கொள்கைப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். மானாவாரி மிளகாய்க்குப் பயிர்க் காப்பீடு பற்றிய பக்கம் நீ எழுதியதுதான், பார்த்ததுமே தெரிந்தது. தாத்தாவோடு புஞ்சையில் நின்றவனுக்குத்தான் அது வரும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

ஆனால் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, நடுவில் நிற்போம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. டீக்கடையில் பேச்சை எடுத்தேன். கொள்கை என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை, யாரோடு கூட்டணி என்றுதான் கேட்டார்கள். கமல்ஹாசன் 2018-ல் மதுரையில் தொடங்கியபோது பெயரிலேயே மையம் என்று வைத்தார். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முகம். 2021-ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் போயிற்று. 2024-ல் போட்டியே போடாமல் திமுக அணிக்கு ஆதரவு கொடுத்தார், மறு வருஷம் மாநிலங்களவைக்குப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. விஜயகாந்துக்கு 2006-ல் மாநிலம் முழுக்க நூற்றுக்கு எட்டு ஓட்டுக்கு மேலேயே விழுந்தது, ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். அவர்கள் நிலைமையே அப்படி என்றால் உங்களை யாருக்குத் தெரியும்?

செலவுக்கு எங்கே போவீர்கள்? பதிவுக் கட்டணம் பத்தாயிரம், நூறு பேருக்கும் பத்திரம், நோட்டரி, பேப்பரில் விளம்பரம். அப்புறம் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு டெபாசிட் பத்தாயிரம், ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அதுவும் திரும்பாது. ஆறு வருஷம் தேர்தலில் நிற்காமல் கிடந்த கட்சிகள் என்று 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் 334 பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தது, செப்டம்பரில் இன்னும் 474. அத்தனையையும் யாரோ ஒருத்தன் ராத்திரி தூங்காமல்தான் ஆரம்பித்திருப்பான். கணக்கு எழுதி வை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலும் எழுதி வை.

வேலையை விட்டுவிட்டாயா, லீவில் இருக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அது உன் இஷ்டம்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது மருமகள் கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின் மட்டும்தான் கிடந்தது. நாம் போட்ட ஆரம் எங்கே என்று அம்மா கேட்டாள். இப்போதெல்லாம் கனமாகப் போடப் பிடிக்கவில்லை என்று சிரித்தாள். இருக்கலாம், பிள்ளைகளின் ரசனை மாறுகிறது. லாக்கரில் இருக்கிறதுதானே? சும்மா கேட்டேன். கணக்கு எழுதி வை, மறக்காதே.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி சாத்தூர் பஸ்ஸில் பையோடு பறிபோனது என்று நம் வீட்டில் ஒரு கதை இருக்கிறதே, அது பொய். கொக்கி விட்டுப்போயிருந்தது, பற்றவைத்து வருகிறேன் என்று நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். நேரே அடகுக் கடைக்குப் போனேன். 1996 தேர்தல். மதிமுக ஆரம்பித்து இரண்டு வருஷம், நாங்களும் மூன்றாவது பாதை என்றுதான் நின்றோம். விளாத்திகுளத்தில் வைகோவே நின்றார். ஜீப்புக்கு டீசல், பசங்களுக்குச் சாப்பாடு, சுவருக்குச் சுண்ணாம்பு. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் செலவு செய்தேன். 634 ஓட்டில் தோற்றோம். மாநிலத்தில் ஒரு இடம்கூட இல்லை. எண்ணி முடித்த அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தால், பறிகொடுத்த துக்கத்தில் நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நினைத்து உன் அம்மா எனக்குச் சோறு பிசைந்து வைத்திருந்தாள்.

தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற எனக்கு அந்தச் செலவுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வட்டி ஏறி நகை மூழ்கியது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவையும் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு சங்கடம். வேறு எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினர் இல்லை என்று அந்தப் பத்திரத்தில் அடித்திருக்கிறார்கள். 1994-ல் வாங்கிய உறுப்பினர் அட்டை டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. புதுப்பிக்கவே இல்லை, ஆனாலும் நோட்டரி முன்னால் நின்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா தான் போடுகிறேன் என்கிறாள். அவளுக்கும் வாக்காளர் அட்டை இருக்கிறது, நூறில் ஒன்றாக அவள் பேரை எழுதிக்கொள்.

அந்தப் பையனை மறுபடி அனுப்பாதே. நீயே வந்து வாங்கிக்கொள், மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது அந்த ஆரத்தைப் போட்டுக்கொண்டு வரச் சொல்.

அப்பா